தேசப்படத்தின் திறவுகோல்

பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, கடற்பயணங்களையும் கடல்வணிகத்தையும் கண்காணிப்பதற்கென, ஸ்பானிய அரசு செவில் நகரில் 1503ஆம் ஆண்டு ஒரு மாளிகையை நிறுவியது. அம்மாளிகையில் ‘பத்ரோன் ரியல்’ என்னும் பெயருடைய மூலப்படம் ஒன்று பேணப்பட்டது. புதிய கரைகளைக் கண்டு மீளும் மாலுமிகள் தாம் கண்டவற்றை அங்கே அறிவித்தல் வேண்டும். அறிஞர் அவற்றை ஆராய்ந்து மூலப்படத்திற் பதிவர். ஸ்பானியக் கப்பல்கள் அப்படத்தின் பிரதிகளைக் கொண்டே கடலில் வழி கண்டன. அயலார் கையில் அப்படம் சேராதிருத்தல் வேண்டும் என்பதில் அரசு மிகுந்த கவனஞ் செலுத்திற்று. வழியை அறிந்தவனே வணிகத்தை ஆள்வான் என்பதை அவர்கள் நன்கு உணர்ந்திருந்தனர்.

நேயர்களே, தேசப்படம் என்பது நெடுங்காலமாக அரசின் உடைமையாகவே இருந்து வந்தது. பிரித்தானியாவின் ‘ஓட்னன்ஸ் சேவே’ என்னும் நில அளவை நிறுவனம் 1791இல் தோன்றியது. அதன் பெயரே பீரங்கிப் படைக்கலங்களைக் கவனித்த சபையின் பெயரிலிருந்து வந்ததாகும். பிரெஞ்சுப் படையெடுப்புப் பற்றிய அச்சமே அவர்களைத் தென்கரையை அளக்கத் தூண்டிற்று. எமது இலங்கையின் நில அளவைத் திணைக்களமும் 1800ஆம் ஆண்டு ஓகஸ்ட் 2ஆந் திகதி, ஆங்கிலேய ஆட்சியின் தொடக்கத்திலேயே நிறுவப்பட்டது. காணியை அளப்பதும், வரியை விதிப்பதும், படையை நடத்துவதும் ஒரே படத்தை நம்பி நிகழ்ந்தன.

இன்றோ நிலைமை வேறு. சந்தைக்குச் செல்லும் பெண்மணியும், முச்சக்கரவண்டி ஓட்டும் இளைஞனும் தம் கைத்தொலைபேசியிலே உலகத்தின் படத்தை விரித்துப் பார்க்கின்றனர். மூலப்படத்தின் கதவு எல்லோருக்கும் திறந்துவிட்டது போலத் தோன்றுகிறது. ஆயின், கதவு திறந்திருப்பது ஒன்று; திறவுகோல் எம் கையில் இருப்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை, இணையத் தேசப்படத்தின் முப்பது ஆண்டு வரலாறு எமக்குத் தெளிவாக உணர்த்துகின்றது. அவ்வரலாற்றையே இப்பேச்சில் எடுத்துக்கொள்ள விரும்புகின்றேன்.

சுவிற்சலாந்தின் எல்லையை ஒட்டியுள்ள சேர்ன் ஆய்வுக்கூடத்தில் ரிம் பேர்னேர்ஸ் லீ என்பவர் 1989இல் முன்மொழிந்த உலகளாவிய வலையை எவரும் கட்டணமின்றிக் கையாளலாம் என அந்நிறுவனம் 1993ஆம் ஆண்டு ஏப்பிரல் 30ஆந் திகதி அறிவித்தது. அதே ஆண்டு யூன் மாதத்தில், கலிபோர்னியாவில் செரொக்ஸ் நிறுவனம் நடத்திய ஆய்வுக்கூடத்தில் ஸ்டீவ் புட்ஸ் என்பவர் வலையில் இயங்கும் தேசப்படம் ஒன்றை அமைத்தார். பார்ப்பவர் உலகப் படத்தில் ஓரிடத்தைச் சுட்டினால், அச்செய்தி ஆய்வுக்கூடத்துக் கணினிக்குச் செல்லும். அக்கணினி அவ்விடத்தைப் பெரிதாக்கிப் புதிய படமொன்றை முழுமையாக வரைந்து அனுப்பும். மீண்டும் சுட்டினால் மீண்டும் ஒரு முழுப்படம். இன்றைய கண்ணுக்கு அது மிக எளிய கருவி. எனினும், கேட்பவருக்குக் கேட்ட இடத்தின் படத்தை அவ்வப்போது வரைந்து கொடுத்தல் என்னும் எண்ணம் அங்கே செயலுருப் பெற்றுவிட்டது.

1996ஆம் ஆண்டு பெப்ரவரியில் அமெரிக்காவில் ‘மப்குவெஸ்ட்’ என்னும் சேவை தோன்றியது. எரிபொருள் நிலையங்களில் வழங்கப்பட்ட வீதிப்படங்களை வரைந்து கைதேர்ந்த ஒரு பிரிவிலிருந்து வளர்ந்த நிறுவனம் அதனை நடத்திற்று. புறப்படும் இடத்தையும் சேரும் இடத்தையும் எழுதினால், எந்த வீதியில் எத்தனை மைல் சென்று எப்பக்கம் திரும்புவது என்பதை அது வரிசையாக அச்சிட்டுத் தரும். அமெரிக்க மக்கள் அத்தாளை வண்டியில் வைத்துக்கொண்டு பயணஞ் செய்யப் பழகினர்.

இத்தகைய சேவைகள் அமெரிக்காவில் விரைந்து வளர்ந்தமைக்கு ஒரு காரணம் உண்டு. 1990ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டுக்காக அந்நாட்டு மதிப்பீட்டுப் பணியகம் நாடு முழுவதற்குமான வீதிகளைக் கணினிக்கேற்ற முறையில் பதிவு செய்திருந்தது. ‘ரைகர்’ எனப்பட்ட அத்தொகுதியை எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம். ஏனெனில் கூட்டாட்சி அரசாங்கத்தின் ஆக்கங்களுக்கு அந்நாட்டிற் பதிப்புரிமை இல்லை. மக்கள் வரிப்பணத்தில் வரைந்தது மக்களுக்கே உரியது என்பது அங்குள்ள நியாயம். பிரித்தானியாவின் நியாயம் அந்நாளில் இதற்கு நேர்மாறாக இருந்தது. அதன் விளைவைப் பின்னர் காண்போம்.

ஆரம்ப காலத்து இணையப் படங்களுக்கு ஒரு பெருங்குறை இருந்தது. சற்றுக் கிழக்கே நகர விரும்பினாலும் திரை முழுதும் வெறுமையாகும். புதிய படம் வந்து சேரும் வரை காத்திருத்தல் வேண்டும். இக்குறையை நீக்கிய வழியைக் கண்டவர்கள் ஒஸ்திரேலியாவின் சிட்னி நகரில் ஒரு சிறு நிறுவனத்தைத் தொடங்கிய நால்வராவர். லார்ஸ் ராஸ்முசென், யென்ஸ் ராஸ்முசென் என்னும் டேனியச் சகோதரர் இருவரும், நோயல் கோர்டன், ஸ்டீபன் மா என்போருமே அவர்கள். 2004ஆம் ஆண்டு ஒக்டோபரில் கூகிள் நிறுவனம் அச்சிறு நிறுவனத்தை வாங்கிற்று. 2005ஆம் ஆண்டு பெப்ரவரி 8ஆந் திகதி ‘கூகிள் மப்ஸ்’ வெளிவந்தது.

அதன் உள்ளமைப்பு, தரைக்கு ஓடு பதிக்கும் வேலையை ஒத்தது. உலகம் முழுவதையும் முதலில் ஒரே சதுர ஓட்டில் வரைந்து கொள்வர். பக்கத்துக்கு 256 புள்ளிகள் கொண்ட சிறிய சதுரம் அது. அடுத்த படியில் அவ்வோட்டினை நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றையும் முன்னையதன் அளவுக்கே பெரிதாக வரைவர். அதற்கடுத்த படியில் 16 ஓடுகள். அதற்கும் அடுத்ததில் 64. ஒரு வீட்டின் கூரையை இனங்காணத்தக்க பதினெட்டாம் படியை அடையும்போது ஓடுகளின் தொகை 6,871 கோடியைத் தாண்டும். இவ்வோடுகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி உண்டு. எத்தனையாவது படி, எத்தனையாவது நிரல், எத்தனையாவது நிரை என்னும் மூன்று எண்களே அம்முகவரி. பார்ப்பவர் படத்தை இழுக்குந்தோறும், திரையின் ஓரத்தில் தேவைப்படும் ஓடுகளை மட்டும் கணினி கேட்டு வாங்கிப் பதித்துக்கொள்ளும். முன்னரே வரைந்து வைத்த ஓட்டை எடுத்துக் கொடுப்பது, கேட்டபின் படம் வரைவதிலும் பன்மடங்கு விரைவானது. இதனாலேயே, மேசை மீது விரித்த தாளை நகர்த்துவதுபோல உலகத்தை நகர்த்த முடிந்தது.

உருண்டை உலகத்தைச் சதுர ஓட்டில் அடக்குவது எங்ஙனம் என நேயர்கள் வினவலாம். முதலில் வெளிவந்தபோது கூகிள் மப்ஸ் கையாண்ட முறையில், ஸ்டொக்ஹோம் போன்ற வடபுல நகரங்களில் நேராகக் குறுக்கிடும் வீதிகள் படத்திற் சாய்வாகத் தோன்றின. எனவே, 1569ஆம் ஆண்டில் மேர்க்காற்றர் என்னும் புவியியலாளர் கடலோடிகளுக்காக வகுத்த எறியத்தை அவர்கள் கைக்கொண்டனர். திசைமானியின் திசை மாறாது செல்லும் கப்பலின் பாதை அவ்வெறியத்தில் நேர்கோடாக அமையும். சிறிய இடங்களின் வடிவமும் சிதையாது. ஆயின் அதற்கு ஒரு விலை உண்டு. துருவங்களை நோக்கிச் செல்லச் செல்ல நிலப்பரப்புக்கள் ஊதிப் பெருக்கும். ஆபிரிக்கா உண்மையிற் கிரீன்லாந்தைப் போலப் பதினான்கு மடங்கு பெரியது. மேர்க்காற்றர் படத்திலோ இரண்டும் ஏறத்தாழ ஒத்த பருமனுடையனவாகத் தோன்றும். சதுரத்துக்குப் பொருந்தும்படி, வடக்கிலும் தெற்கிலும் 85 பாகைக்குச் சற்று மேலே உலகம் வெட்டியும் விடப்பட்டது. வீதி தேடுவோருக்காகத் தெரிந்தெடுத்த ஓர் ஏற்பாடு, உலகத்தைப் பற்றி எம் மனத்தில் உள்ள உருவத்தையே வகுத்துவிட்டது. 2018ஆம் ஆண்டிலே கூகிள் நிறுவனம், மேசைக் கணினியில் மிகத் தூரத்திலிருந்து நோக்கும்போது தன் படம் உருண்டையாகத் தோன்றுமாறு மாற்றியமைத்தது. எனினும் ஓடுகளால் அமைந்த பிற படங்கள் பலவற்றில் அப்பழைய ஏற்பாடு தொடர்ந்தது.

இனி, திறவுகோலின் கதைக்கு வருவோம். கூகிளின் படம் வெளிவந்து இரண்டு மாதங்கள் ஆகவில்லை. போல் ராடமாக்கர் என்னும் நிரலாளர் கலிபோர்னியாவில் வாடகை வீடு தேடி அலைந்தார். விளம்பரங்கள் ஓர் இணையத்தளத்திலும் வீதிப்படம் மற்றோர் இணையத்தளத்திலும் இருந்தன. அவர் கூகிளின் நிரலைத் தாமே நுணுகி ஆராய்ந்து, அது செயற்படும் வகையை அறிந்து, வாடகை வீடுகள் யாவும் படத்தின் மீது புள்ளிகளாகத் தோன்றும் தளமொன்றை 2005ஆம் ஆண்டு ஏப்பிரலில் அமைத்தார். அடுத்த மாதம் ஏட்ரியன் ஹொலொவாற்றி என்பவர் சிக்காகோ நகரக் காவற்றுறையின் குற்றப் பதிவுகளை அதே வகையிற் படத்திற் பொருத்திக் காட்டினார். எவரும் அநுமதி கேட்கவில்லை. எவரும் அநுமதி வழங்கவுமில்லை.

கூகிள் நிறுவனம் அவர்களைத் தடுத்திருக்கலாம். அவ்வாறு செய்யாது, 2005ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அந்நுழைவழியை முறைப்படி திறந்துவிட்டது. அவ்வழிக்கே ‘ஏ.பி.ஐ.’ என்று பெயர். அரசாங்க அலுவலகமொன்றின் கருமபீடத்தை எண்ணிப் பாருங்கள். பொதுமக்கள் உள்ளே சென்று கோவைகளைப் புரட்டுவதில்லை. வகுத்த படிவத்தை நிரப்பிக் கருமபீடத்திற் கொடுக்கின்றனர். வகுத்த முறையில் விடை கிடைக்கின்றது. ஒரு கணினியிடம் மற்றொரு கணினி இவ்வாறு கேட்டுப் பெறுவதற்கான படிவமும் ஒழுங்குமே ஏ.பி.ஐ. எனப்படுவது. இன்ன இடத்தின் படத்தைத் தா, இன்ன முகவரியின் அகலாங்கையும் நெட்டாங்கையும் சொல், இங்கிருந்து அங்கே செல்லும் வழியைக் காட்டு என்றெல்லாம் அதன் மூலம் கேட்கலாம். கேட்பவர் யார் என்பதை அறிவதற்காக ஒவ்வொரு நிரலாளருக்கும் ஒரு நீண்ட எழுத்துத் தொடர் வழங்கப்பட்டது. அதன் பெயரே திறவுகோல்.

அதன்பின் உலகெங்கும் ஆயிரக்கணக்கான தளங்கள் அத்திறவுகோலைக் கொண்டு தம் பக்கங்களில் தேசப்படத்தைப் பதித்தன. பாடசாலைகள், பேருந்துச் சேவைகள், உணவகங்கள், தொண்டு நிறுவனங்கள் எல்லாம் தம்மிடத்தே ஒரு படம் இருப்பதாகவே எண்ணின. உண்மையில் அவற்றிடம் இருந்தது ஒரு சாளரமே. படம் மற்றொருவர் வீட்டில் இருந்தது.

2011ஆம் ஆண்டு ஒக்டோபரில் அவ்வீட்டுக்காரர் வாடகை கேட்டார். நாளொன்றுக்கு 25,000 முறைக்கு மேல் படம் காட்டும் தளங்கள், மேலதிகமான ஒவ்வோர் ஆயிரத்துக்கும் 4 டொலர் செலுத்த வேண்டும் என அறிவிக்கப்பட்டது. எதிர்ப்பு எழவே, 2012ஆம் ஆண்டு யூனில் அத்தொகை அரை டொலராகக் குறைக்கப்பட்டது. 2018ஆம் ஆண்டு யூலையில் மீண்டும் ஒரு மாற்றம் வந்தது. கடனட்டை விபரத்தோடு கூடிய கணக்கு இல்லாமல் படம் சீராகத் தோன்றாது என்றாயிற்று. இலவச அளவு ஒன்றை மாதந்தோறும் விட்டுவைத்தபோதிலும், அதற்கு மேற்பட்ட சாதாரண பயன்பாட்டுக்கு ஆயிரத்துக்கு 7 டொலர் என விலை குறிக்கப்பட்டது. பணங் கட்டாத சிறு தளங்களில் தேசப்படம் இருண்டு, அதன் மேல் எச்சரிக்கை வாசகம் படிந்தது.

இதற்காக அந்நிறுவனத்தை மட்டும் குறைகூறுதல் நேர்மையன்று. செய்மதிப் படங்களுக்கும், வீதி வீதியாகச் சென்று படம்பிடிக்கும் வண்டிகளுக்கும், இரவும் பகலும் இயங்கும் சேவையகங்களுக்கும் பெரும்பணம் செலவாகின்றது. வணிக நிறுவனம் தரும சத்திரமன்று. இங்கு நாம் கருத வேண்டியது வேறொன்று: பிறர் வரைந்த படத்தின் மேல் தம் தொழிலைக் கட்டியவர்கள், அதன் விலை மாறியபோது பேரம் பேசும் ஆற்றலின்றி நின்றனர் என்பதே அது.

இவ்வாறு நேரும் என்பதை முன்னரே உணர்ந்தவர் போல, மற்றொரு திசையில் நடந்த ஒரு மாணவர் இருந்தார். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிற் பயின்ற ஸ்டீவ் கோஸ்ட் என்பவரே அவர். பிரித்தானியாவில் ஓட்னன்ஸ் சேவே வரைந்த படங்கள் முடியின் பதிப்புரிமைக்கு உட்பட்டவை. அவற்றைப் பயன்படுத்த அந்நாளில் உரிமப் பணம் செலுத்த வேண்டியிருந்தது. அவ்வுரிமை எத்துணைக் கடுமையாகப் பேணப்பட்டது என்பதற்கு ஒரு சான்று போதும். அந்நாட்டின் பெயர்பெற்ற மோட்டார் வாகனச் சங்கமாகிய ஏ.ஏ., தன் வீதிப்படங்களை ஓட்னன்ஸ் சேவே படங்களைப் பார்த்து வரைந்தது என்னும் வழக்கில், 2001ஆம் ஆண்டில் 2 கோடிப் பவுண் கொடுத்து இணக்கத்துக்கு வந்தது. படங்களில் மறைவாக இடப்பட்டிருந்த சில நுண்ணிய அடையாளங்களே பிரதி செய்ததைக் காட்டிக்கொடுத்தன.

பார்த்து வரைய இயலாதெனின், நடந்து வரையலாம் அல்லவா? 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்க அரசு, ஜி.பி.எஸ். செய்மதிச் சமிக்ஞையிற் பொதுமக்களுக்கென வேண்டுமென்றே புகுத்தியிருந்த பிழையை நீக்கியது. சிறிய கைக்கருவி ஒன்று, நிற்கும் இடத்தைச் சில பத்து மீற்றருக்குள் சொல்லத் தொடங்கியது. அக்கருவியுடன் ஒரு வீதியில் நடந்தால், நடந்த சுவடே அவ்வீதியின் கோடாகும். அக்கோட்டுக்கு எவருடைய பதிப்புரிமையும் இல்லை. இவ்வுண்மையை அடித்தளமாகக் கொண்டு கோஸ்ட் 2004ஆம் ஆண்டில் ‘ஓப்பின்ஸ்ட்ரீட்மப்’ என்னும் பொதுப்படத்தைத் தொடங்கினார். எவரும் வரையலாம், எவரும் திருத்தலாம், எவரும் எடுத்தாளலாம்.

2006ஆம் ஆண்டு மே மாதத்து வாரவிடுமுறை ஒன்றில், இங்கிலாந்தின் தென்கரைக்கு அப்பாலுள்ள வைற் தீவிலே தொண்டர்கள் கூடினர். சிலர் துவிச்சக்கரவண்டியிலும் சிலர் கால்நடையாகவும் தீவின் வீதிகளைச் சுற்றிவந்து அதனைப் படத்திற் சேர்த்தனர். அவர்கள் கையாண்ட முறை மிக எளிது. உலகத்திலுள்ள எதனையும் புள்ளி என்றோ, புள்ளிகளை இணைக்கும் கோடு என்றோ, பலவற்றை ஒருங்கு கூட்டும் தொடர்பு என்றோ பதிவர். பின்னர், இது கிணறு, இது பள்ளிக்கூடம், இது ஒருவழிப் பாதை எனக் குறிச்சொல் இடுவர். ஓர் ஊரின் பெயரைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் தனித்தனியே எழுதுவதற்கும் அங்கு இடமுண்டு. தன் ஊர்ப்பெயர் படத்தில் எவ்வாறு எழுதப்படல் வேண்டும் என்பதை அவ்வூரான் தானே பதியலாம் என்பது, பெயரின் அருமையை அறிந்த எமக்குச் சிறிய செய்தியன்று.

தொண்டர் வரையும் படத்தை நம்பலாமா என்னும் ஐயம் அந்நாளிற் பலருக்கு இருந்தது. அதற்கு விடை ஒரு பேரிடரில் வந்தது. 2010ஆம் ஆண்டு சனவரி 12ஆந் திகதி கரிபியன் கடலிலுள்ள ஹெயிற்றி நாட்டை நிலநடுக்கம் தாக்கிற்று. தலைநகராகிய போட்-ஓ-பிரின்சுக்குப் பயன்படத்தக்க விரிவான இணையப்படம் எங்கும் இல்லை. பொதுப்படத்திலும் முதன்மை வீதிகள் சிலவே இருந்தன. செய்மதி நிறுவனங்கள் புதிய படங்களை இலவசமாக வழங்கின. உலகின் பல நாடுகளிலிருந்து நூற்றுக்கணக்கானோர் தத்தம் வீட்டிலிருந்தவாறே அவற்றை நோக்கி வீதிகளையும், சரிந்த கட்டடங்களையும், வீடிழந்தோர் தங்கிய முகாம்களையும் வரைந்தனர். சில நாட்களுள் அந்நகரின் மிக விரிவான படம் உருவாகியது. மீட்புப் பணியாளர் அதனைத் தம் கைக்கருவிகளில் ஏற்றிக்கொண்டு இடிபாடுகளுக்கிடையே வழி கண்டனர். எவருடைய திறவுகோலுக்காகவும் அவர்கள் காத்திருக்க வேண்டியதாயிற்றில்லை. அவ்வாண்டிலேயே இத்தகைய பணிக்கென மனிதாபிமானப் படக்குழு ஒன்று நிலையாக அமைக்கப்பட்டது.

இவ்வலை எமது கரையையும் எட்டிற்று. 1978ஆம் ஆண்டுச் சூறாவளியும், 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையும், இடையிடையே பெருவெள்ளமும் கண்ட மட்டக்களப்பிலே, அனர்த்த முகாமைத்துவ நிலையமும் உலக வங்கியும் இணைந்து 2012ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு பணியைத் தொடங்கின. மண்முனை வடக்குப் பிரிவிலுள்ள ஏறத்தாழ 30,000 கட்டடங்கள் பொதுப்படத்திற் பதியப்பட்டன. கட்டடத்தின் உருவம் மட்டுமன்று. அதற்கு எத்தனை மாடி, எதற்குப் பயன்படுகின்றது, எப்பொருளாற் கட்டப்பட்டது என்பனவும் கேட்டறிந்து சேர்க்கப்பட்டன. வெள்ளம் ஏறும்போது எந்த வீடு தாங்கும், எந்த வீட்டாரை முதலில் அகற்றுவது என்பதை அறிய அவ்விபரமே வேண்டும். விளம்பரத்துக்காக வரையும் படம் கடையைக் காட்டும். களிமண் சுவரைக் காட்டுவதற்கு வேறொரு நோக்கம் வேண்டும்.

தரவு பொதுவானால் மட்டும் போதாது. அதனைத் திரையில் விரிக்கும் கருவியும் பொதுவாதல் வேண்டும். 2006ஆம் ஆண்டில் ‘ஓப்பின்லேயர்ஸ்’ என்னும் திறந்த நிரற்றொகுப்பு வெளிவந்தது. 2011ஆம் ஆண்டு மே மாதத்தில் யூக்ரேன் நாட்டுக் கீவ் நகரைச் சேர்ந்த விளாடிமிர் அகாபொன்கின் என்பவர் ‘லீவ்லெற்’ என்னும் மிகச் சிறிய, எளிய தொகுப்பை வெளியிட்டார். சில வரிகளை எழுதத் தெரிந்த மாணவனும் அதனைக் கொண்டு தன் பக்கத்தில் ஒரு படத்தை அமைக்கலாம். உலகின் எண்ணிறந்த படங்கள் அதன்மீது இயங்கின. 2022ஆம் ஆண்டு பெப்ரவரியில் ருசியப் படையெடுப்பு நிகழ்ந்தபோது, தாமும் தம் குடும்பத்தாரும் கீவ் நகரை விட்டு நீங்க நேர்ந்ததை அவர் அத்தொகுப்பின் பக்கத்திலேயே அறிவித்தார். அவ்வாண்டு வெளிவந்த பதிப்பிலிருந்து படத்தின் மூலையில் யூக்ரேன் நாட்டுக் கொடியின் சிறு உருவமும் இடம்பெற்றது. எல்லோருக்கும் வழி காட்டும் கருவியை ஆக்கியவர் தம் வீட்டை விட்டு வழி தேடிச் சென்றார் என்பது நெஞ்சை உருக்கும் செய்தியே.

மற்றொரு நிகழ்ச்சியையும் கூறுதல் வேண்டும். படத்தை ஓடாக வரைந்து அனுப்பாது, கோடுகளையும் புள்ளிகளையும் தரவாகவே அனுப்பி, பார்ப்பவரின் கருவியே வரைந்துகொள்ளுமாறு செய்யும் முறையை வளர்த்தவர்களுள் ‘மப்பொக்ஸ்’ நிறுவனம் முக்கியமானது. அதற்கென அது ஆக்கிய நிரற்றொகுப்பு 2014 முதல் திறந்த உரிமத்திற் கிடைத்து வந்தது. 2020ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியிட்ட இரண்டாம் பதிப்புடன் அந்நிறுவனம் அக்கதவை மூடிற்று. ஆயின் இம்முறை கதை வேறுவிதமாக முடிந்தது. முன்னைய பதிப்பு திறந்த உரிமத்தில் வெளிவந்தமையால், அதனை மீளப் பெறும் அதிகாரம் எவருக்கும் இருக்கவில்லை. நிரலாளர் பலர் கூடி அப்பதிப்பிலிருந்தே ‘மப்லிப்ரே’ என்னும் புதிய கிளையை வளர்த்தனர். விலை உயர்ந்தபோது செய்வதறியாது நின்றவர்களுக்கும், உரிமம் மாறியபோது வேறு வழி கண்டவர்களுக்கும் இடையே இருந்த வேறுபாடு திறமையன்று. முன்னரே எழுதிவைத்த சில பக்க உரிமப் பத்திரமே.

இங்ஙனம் கூறுவதால், பொதுப்படம் குறையற்றதென நான் வாதிப்பதாக நேயர்கள் கொள்ளற்க. தொண்டர் மிகுந்த நகரங்களில் ஒவ்வொரு மரமும் பதியப்பட்டிருக்க, தொண்டர் இல்லாத கிராமங்கள் வெறுமையாகக் கிடத்தலும் உண்டு. அறியாமையாலும் குறும்பாலும் பிழைகள் புகுவதுண்டு. பொதுப்படத்தின் சேவையகங்கள் நன்கொடையில் இயங்குவன. அவற்றை அளவின்றிக் கறப்பவர்களைத் தடுக்கும் விதிகள் அங்கும் உண்டு. பெரிய நிறுவனங்களின் ஊழியரும் அப்படத்தில் வரைகின்றனர். 2022ஆம் ஆண்டு டிசம்பரில் அமசோன், மெட்டா, மைக்ரோசொப்ட், ரொம்ரொம் ஆகிய நிறுவனங்கள் திறந்த தேசப்படத் தரவுக்கெனத் தனி அமைப்பு ஒன்றையும் தோற்றுவித்தன. பொதுக்கிணற்றில் எல்லோரும் நீர் அள்ளலாம். ஆயின் கிணற்றைத் தூர்வாருவது யார் என்னும் கேள்வி ஊரார்க்கு எப்போதும் உண்டு.

செவில் நகரத்து மாளிகையில் மூலப்படத்தைக் காத்தவர்கள் ஓர் உண்மையை அறிந்திருந்தனர். படத்தை உடையவன் வழியை உடையவன். அவ்வுண்மை இன்றும் மாறவில்லை. மாறியது, படத்தை யார் வரையலாம் என்பதே. எமது ஊரின் குறுக்கொழுங்கையும், குளக்கட்டும், மழைக்காலத்தில் நீர் தேங்கும் பள்ளமும் எந்தச் செய்மதியிலும் எமக்கே நன்கு தெரியும். அவற்றைப் பதியும் எழுதுகோல் இப்போது எம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றது. நாம் வரையாதவிடத்து வேறு யாரேனும் வரைவர். அவர் விரும்பிய பெயரை இடுவர். பின்னொரு நாள் அதனைப் பார்ப்பதற்கு எம்மிடமே விலையும் கேட்பர். ஆதலின், அடுத்த முறை கைத்தொலைபேசியில் உங்கள் ஊரை விரித்துப் பார்க்கும்போது, உங்கள் வீட்டுக்குச் செல்லும் ஒழுங்கை அங்கே உண்டா என ஒருகால் தேடிப் பாருங்கள். இல்லையெனில், அதனை வரைய வேண்டியவர் யார் என்பதையும் சிந்தித்துக் கொள்ளுங்கள்.